ஆறாவது லைனின் இரண்டு டோக்கன்

ஜூன் 3, திங்கள்

கம்பெனியில் இன்று எனக்கு இரண்டு சாமான் கொடுத்தார்கள். ஒன்று மெரூன் கலர் கோட்டு. இன்னொன்று இந்த டைரி. "தினமும் ப்ரொடக்‌ஷன் எழுதி வெச்சுக்கம்மா" என்றார் மேனேஜர் சென்னியப்பன் சார். ப்ரொடக்‌ஷன் எழுத ஒரு வரி போதும். மீதிப் பக்கம் வீணாகப் போவதில் எனக்குச் சம்மதமில்லை, அதனால் எழுதுகிறேன்.

எட்டு வருஷம் ஆறாவது லைனில் டெய்லராக உட்கார்ந்திருந்தேன். இன்றிலிருந்து அதே லைனுக்கு சூப்பர்வைசர். முன்னால் இருந்த தங்கராசு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவனுக்கு நான் வைத்த பேர் கக்கூஸ் கலெக்டர். லைனில் முப்பத்து நாலு பேர், அத்தனை பேரும் பொம்பளைகள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேஜையில் ஆணியில் தொங்குகிற டோக்கனை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். லைனுக்கு இரண்டே டோக்கன். இரண்டும் வெளியே இருந்தால் மூன்றாவது ஆள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். தங்கராசு டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்பத்தானே போனே? என்னத்துக்கு மறுபடியும்? சத்தமாச் சொல்லு" என்று லைனுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பான். அவன் போனதில் எல்லாருக்கும் நிம்மதி.

கோட்டைப் போட்டுக்கொண்டு லைனுக்கு வந்ததும் பேச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி மேகலா, கோட்டு உனக்குப் பெருசு. உள்ள இன்னொருத்தி இருக்கலாம் போலுக்கே" என்றாள். லைன் முழுக்கச் சிரித்தது.

பேச்சியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஆறு வருஷம் எனக்குப் பக்கத்து மெஷின். பனியனுக்குக் கழுத்துப் பட்டி ஏற்றுவாள். அவ்வளவு வேகமான கை இந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் கிடையாது. மத்தியானம் என் டப்பாவிலிருந்து அவள், அவள் டப்பாவிலிருந்து நான். போன வாரம் கை கழுவுகிற இடத்தில் என் காதில் சொன்னாள், "நாள் தள்ளிப்போயிருக்குட்டி. ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சாம்." கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவள் போகாத கோவிலும் இல்லை, பார்க்காத டாக்டரும் இல்லை. அவள் வீட்டுக்காரர் இசக்கிமுத்துவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால், வீட்டில் ரெஸ்ட் எடும்மா என்று அன்பாகச் சொல்லி மறுநாளே அவள் மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். வயிறு தெரிகிற வரைக்கும் ஓட்டிவிட வேண்டும் என்று இருக்கிறாள்.

"அடிக்கடி ஒண்ணுக்கு வருதுட்டி, அதான் பயமா இருக்கு" என்றாள் இன்று.

"என்ன பயம்? டோக்கன் இனி என்ற கையிலதானே இருக்குது" என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

டார்கெட் 960. தைத்தது 811.

காலையில் முதல் வேலையாக இரண்டு டோக்கனையும் என் மேஜையிலிருந்து கழற்றி லைன் கடைசியில் ஜன்னல் கம்பியில் மாட்டினேன். யாரும் என்னிடம் கேட்க வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். கை தட்டினார்கள். பேச்சி மூன்று தடவை போனாள். போகும்போதெல்லாம் அவள் ஸ்டூலில் நான் உட்கார்ந்து கழுத்துப் பட்டி ஏற்றினேன். கோட்டைப் போட்டுக்கொண்டு தைப்பது வேடிக்கையாக இருந்தது.

அஞ்சு மணிக்கு மீட்டிங். ஒன்பது லைன் சூப்பர்வைசரும் ப்ரொடக்‌ஷன் போர்டுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். எந்த லைன் கடைசியோ அந்த சூப்பர்வைசர் மேஜையில் மறுநாள் பூராவும் சிவப்புக் கொடி. என்னிடம் கொடுத்தார்கள்.

"ஏம்மா மேகலா, நல்லவள்னு பேர் வாங்கறதுக்கா உனக்குக் கோட்டுக் கொடுத்தோம்?" என்றார் சார். கத்தவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மற்ற எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் காது ரெண்டும் சுட்டது.

ஜூன் 5, புதன்

842. கொடி மறுபடியும் என் மேஜையில்தான்.

பேச்சி ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்ததை சார் பார்த்துவிட்டார். கோட்டுப் போட்டவர்கள் மெஷினில் உட்காரக் கூடாதாம். "நீ தெச்சா லைனை யாரு பாக்கறது? உன்ற வேலை நிக்கறது" என்றார். அதுவும் சரிதானே.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. ராத்திரிக்கு ஓட்டலில் பரோட்டா.

ஜூன் 7, வெள்ளி

டோக்கனை மறுபடியும் என் மேஜைக்குக் கொண்டு வந்துவிட்டேன். தங்கராசு மாதிரி கேள்வி கேட்கப் போவதில்லை. யார் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும் எனக்கு.

கொண்டு வந்ததும் நல்லதாகப் போயிற்று. சவிதா என்கிற பெண் டோக்கனோடு போய் பன்னிரண்டு நிமிஷமாக வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் கை கழுவுகிற இடத்தில் நின்று போனில் யாருடனோ கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். வெளியே இந்த வேலைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா என்று லைன் நடுவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன். முப்பத்து மூன்று தலையும் குனிந்தது. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. எட்டு வருஷத்தில் என் வாய்க்கு யாரும் அப்படிப் பயந்ததில்லை.

903 பீஸ்.

ஜூன் 9, ஞாயிறு

எட்டு நாளைக்கப்புறம் குழாயில் தண்ணீர் வந்தது. டிரம், குடம், அண்டா எல்லாம் நிறைத்தேன். மாவு ஆட்டினேன். மகள் நிவேதாவின் யூனிபார்முக்கு ஓரம் மடித்துத் தைத்தேன். கல்யாணம் பண்ணி பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் கந்தவேல் அவர் சட்டையை அவரே துவைத்தார். "என்ற ஊட்டு மேடத்துக்கு இனி நேரமிருக்காதில்ல" என்றார். கிண்டல்தான், ஆனால் எனக்கு இனித்தது.

சாயங்காலம் பேச்சி வந்தாள். மாங்காய் நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தின்றோம். அவள் ஒருத்தியே முக்கால் மாங்காய் தின்றாள். முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது. போகும்போது கேட்டாள், "ஏட்டி, என்னைய மட்டும் கூட ரெண்டு தடவ விட்டுரு, என்ன? அடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லுதாங்க."

"அதையெல்லாமா கேக்கறே?" என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

968! கொடி மூன்றாவது லைனுக்குப் போய்விட்டது.

இது என் சொந்த யோசனை. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை போர்டு வைத்தேன். டோக்கன் எடுக்கிறவள் பேர், போன நேரம், வந்த நேரம். அவ்வளவுதான். நான் யாரையும் திட்ட வேண்டியதில்லை, போர்டே பார்த்துக்கொள்கிறது. பேர் எழுதினதும் போன வேகத்தில் வருகிறார்கள்.

மீட்டிங்கில் சார் என்னை முன்னால் கூப்பிட்டார். "தங்கராசு ஆறு வருஷமா கத்தி சாதிக்காததை இந்தப் பொண்ணு ஒரு போர்டுல சாதிச்சிருக்கு" என்றார். நாளையிலிருந்து ஒன்பது லைனிலும் போர்டு. தினமும் சாயங்காலம் போர்டைப் போனில் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

போர்டில் ஒரு சங்கடம். எல்லார் பேரும் இரண்டு தடவை, மூன்று தடவை. பேச்சி பேர் மட்டும் ஐந்து. சவிதா பக்கத்து மெஷின்காரியிடம், "கூட்டாளின்னா தனிச் சட்டமாக்கா?" என்று எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். ஏன் என்று என்னால் சொல்ல முடியுமா? சொன்னால் பேச்சிக்குத்தான் வேலை போகும்.

அதனால் மத்தியானத்துக்குமேல் அவள் வந்து டோக்கனை எடுத்தபோது, கொஞ்சம் சத்தமாகவே, "பேச்சியம்மாள், இது ஆறாவது தடவை" என்றேன். அவள் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணைச் சிமிட்டினாள். மற்றவர்களுக்காக நான் நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

சூப்பர்வைசர்களுக்குத் தனிச் சாப்பாட்டு மேஜை, ஃபேன் அடியில். இத்தனை நாள் போகாமல் இருந்தேன். இன்று சார் கூப்பிட்டார், போய்விட்டேன். பேச்சி எனக்காக சொதிக்குழம்பு கொண்டு வந்திருந்தாளாம். சாப்பிட்டு முடித்து வரும்போது, "மேடத்துக்கு இனி நம்ம குழம்பெல்லாம் இறங்காது" என்றாள். முதல் தடவையாக மேடம் என்கிறாள். விளையாட்டுக்குத்தான்.

ஜூன் 18, செவ்வாய்

ஷிப்மெண்ட் அடுத்த புதன்கிழமை. பதினாலாயிரம் பீஸில் பாதி எங்கள் லைன் தலையில். இனி ஒவ்வொரு மணி நேரத்திலும் முதல் அரை மணிக்கு டோக்கன் கிடையாது என்று சொல்லிவிட்டேன். சார் சொல்லவில்லை, நானாகத்தான் வைத்தேன். அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பத்து பத்துக்குப் பேச்சி வந்தாள். "பத்தரைக்கு" என்றேன். கழுத்துப் பட்டி நின்றால் அவளுக்குப் பின்னால் கை தைக்கிறவள், சைடு தைக்கிறவள், மடிக்கிறவள் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். போய் உட்கார்ந்தாள். பத்தரைக்கு நாலு பேர் ஓடி வந்து இரண்டு டோக்கனையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். பேச்சிக்குக் கிடைத்தபோது பத்து ஐம்பது. திரும்பி வந்து டோக்கனை ஆணியில் மாட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புதன்கிழமை வரைக்கும்தான் பேச்சி" என்றேன் மெதுவாக.

"சரிங்க மேடம்" என்றாள். விளையாட்டாகத் தெரியவில்லை. சரி, லைனில் மேடம் என்று கூப்பிடுவதுதான் முறை.

ஜூன் 19, புதன்

991. பேச்சி ஒரு தடவைதான் கேட்டாள்.

சூப்பர்வைசருக்கு டோக்கன் தேவையில்லை. இன்று மூன்று தடவை போய் வந்தேன், ஷிப்மெண்ட் டென்ஷனில் எனக்கும் அடிக்கடி வருகிறது.

ஜூன் 20, வியாழன்

1,012. பேச்சி இன்று கேட்கவே இல்லை. புரிந்துகொண்டாள்.

ஜூன் 22, சனி

1,030. இந்த மாடியிலேயே முதல் லைன். போர்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து என்னை போட்டோ எடுத்தார்கள். போர்டில் இன்றைக்கு மொத்தம் பதினெட்டுப் பேர்தான். மூன்றாம் லைன் சூப்பர்வைசர், "எப்படிக்கா சமாளிக்கறீங்க?" என்று கேட்டான்.

ஒன்று கவனித்தேன். காலையில் கொண்டு வருகிற தண்ணி பாட்டிலை எல்லாரும் சாயங்காலம் அப்படியே திருப்பி எடுத்துப் போகிறார்கள். குடித்தால்தானே போக வேண்டும். கெட்டிக்காரிகள். பேச்சியின் பச்சை பாட்டிலும் கழுத்து வரை நிறைந்தே இருந்தது. கேட்கலாமா என்று நினைத்தேன். லைனில் எல்லார் முன்னாலும் எப்படிக் கேட்பது? சாப்பாட்டு நேரத்தில் கேட்கலாமென்றால் இப்போது வேறு வேறு மேஜை.

ஜூன் 23, ஞாயிறு

பேச்சி வருவாள் என்று மாங்காய் வாங்கி வைத்திருந்தேன். வரவில்லை. ரேஷனுக்குப் போய் வந்தேன். நிவேதா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து டிவி பக்கம் போனாள், கேட்காமல் எதற்கு எழுந்தாய் என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். கந்தவேல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூன் 24, திங்கள்

1,018.

பேச்சிக்கு முகம் வீங்கியிருக்கிறது. காய்ச்சல் மாதிரியும் இருக்கிறது. அரை நாள் லீவு கேட்டாள். அதையும் மேஜைக்கு முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கையை எதற்குக் கட்டுகிறாள் என்று எரிச்சல் வந்தது. நான் என்ன தங்கராசா?

"நாளைக்கும் நாளன்னிக்கும் பல்லைக் கடிச்சுக்க பேச்சி. அப்புறம் நானே சாருகிட்டப் பேசி ஒரு வாரம் வாங்கித் தர்றேன்" என்றேன். நிஜமாகவே வாங்கித் தருவதாகத்தான் இருந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

944. பேச்சிக்கு உடம்பு சரியில்லாமல் போய் கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவள் மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்ததில் எழுபது பீஸுக்கு மேல் குறைந்துவிட்டது.

ஜூன் 26, புதன்

நேற்று எழுதினது பொய் இல்லை. ஆனால் அவ்வளவுதான் நடந்தது என்றும் இல்லை.

நேற்றுக் காலை பதினொன்று ஐந்துக்குப் பேச்சி எழுந்து வந்தாள். கேட்கவில்லை. நேராக ஆணிப் பக்கம் கையை நீட்டினாள். என் கை அதற்கு முன்னால் போய் டோக்கனை மூடிக்கொண்டது. நான் யோசித்து வைத்த கை இல்லை அது. தானாகப் போயிற்று.

"பதினொண்ணரைக்கு" என்றேன்.

"மேடம், அடிவயிறு..." என்றாள். உதடுதான் அசைந்தது. ரகசியமல்லவா, பக்கத்து மெஷினுக்குக் கேட்டுவிடக் கூடாது.

"என்ன? சத்தமாச் சொல்லு" என்றேன்.

எனக்கு அவள் சொன்னது கேட்டிருந்தது. அடிவயிறு என்று தெளிவாகக் கேட்டிருந்தது. இருந்தும் அதைத்தான் சொன்னேன். ஆறு வருஷம் தங்கராசு அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பேச்சியும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம்.

பேச்சி என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் நாற்பத்தி ஒரு பீஸ் தைத்தாள். எனக்கு எப்படித் தெரியுமென்றால் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளுக்கு நாலடி தள்ளி நின்றேன். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பட்டி ஏற்றியிருக்கலாம். சார் மாடியில்கூட இல்லை. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. நான் டெய்லர் என்பதே மறந்துபோயிருந்தது.

பதினொன்று இருபத்தெட்டுக்கு மெஷின் மேல் சாய்ந்தாள். ஊசி ஓடிக்கொண்டிருந்தது. சவிதாதான் முதலில் எழுந்து சுவிட்சை அணைத்தாள். ஸ்டூலும் தரையும் நனைந்திருந்தது, அதில் கொஞ்சம் ரத்தமும் இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. சவிதா தன் துப்பட்டாவை அவிழ்த்துப் பேச்சியின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். வண்டி ஏறும் வரைக்கும் பேச்சி பிடித்துக்கொண்டிருந்தது சவிதாவின் கையைத்தான்.

இன்று காலை சார் ரூமில் கூப்பிட்டார். நம்மிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கேட்டால் காட்ட ஒரு ஸ்டேட்மெண்ட் வேண்டுமாம். போனில் இருந்த போர்டு போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். "இருபதாம் தேதில இருந்து பாரு. அந்தப் பொண்ணு பேரே இல்லை. ஒரு தடவைகூடக் கேக்கலையே. கேட்டுத் தரலைன்னாத்தான் நம்ம மேல தப்பு. இல்லீங்களா?"

"ஆமாங்க சார்" என்றேன்.

"மாசமா இருந்ததை யாருகிட்டயும் சொல்லவுமில்லை. உனக்குத் தெரியுமா?"

ஜன்னலுக்கு வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். பேர், அதற்குக் கீழே சூப்பர்வைசர் என்று எழுதினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இப்போது கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 27, வியாழன்

ஷிப்மெண்ட் போய்விட்டது. எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். ஆறாவது லைனில் முப்பத்து மூன்று பேரும் வாங்கி மெஷின் மேல் வைத்தார்கள். சாயங்காலம் வரை ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை. நான் என்னுடையதைத் தின்றேன்.

ஜூன் 28, வெள்ளி

சவிதாவிடம் கேட்டேன், பேச்சி எப்படி இருக்கிறாள் என்று. "இருக்காங்க மேடம்" என்றாள்.

குழந்தை இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

கோட்டு இல்லாமல் பழைய பூப்போட்ட சேலையில் போனேன். பஸ்ஸில் பூராவும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பேச்சி, என்னை மன்னிச்சிரு. நீ சொன்னது எனக்குக் கேட்டுது. கேட்டுட்டேதான் அப்படிச் சொன்னேன். ஸ்டேட்மெண்டைத் திரும்ப வாங்கிக் கிழிச்சுப்போட்டுட்டு உண்மையை எழுதித் தர்றேன். இவ்வளவையும் சொல்லிவிட வேண்டும், அவள் அறைந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. ஏட்டி என்று ஆரம்பித்துத் திட்டுவாளே, அது வேண்டியிருந்தது எனக்கு.

வார்டு வாசலில் இசக்கிமுத்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"குழந்தைக்குத் துடிப்பு இருக்குக்கா. நேத்து ஸ்கேன்ல நானே பாத்தேன்" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். சாமி, என்று மட்டும் வந்தது.

"யூரின் இன்ஃபெக்‌ஷன் ஏறி கிட்னி வரைக்கும் போயிருச்சாம். அடக்கி அடக்கி வச்சிருக்கா, தண்ணியே குடிக்கலைன்னு டாக்டரம்மா ஏசுதாங்க. நா ஒருத்தன் வீட்ல இருந்தும் கவனிக்காம விட்டுட்டேன் பாருங்க. இனி பொழுதுக்கும் தண்ணி குடிக்கணும், வேகமா நடக்கவே கூடாது, அதிர்ச்சி கூடாதுன்னு சொல்லிருக்காங்க. இன்னும் ரத்தம் முழுசா நிக்கல. இந்த ரெண்டு வாரம்தான் கண்டமாம். இதைத் தாண்டிட்டா குழந்தை நிலைச்சிருமாம்." பிறகு என்னைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டார். "நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கற தைரியத்துலதாங்க்கா நா வேலைக்கு அனுப்பினேன். அன்னிக்கு வண்டி பிடிச்சு அனுப்பினீங்களாமே. நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?"

பேச்சி அவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

மருந்து வாங்க அவர் கீழே போனார். நான் உள்ளே போனேன். கடைசிக்கு முந்தின கட்டிலில் படுத்திருந்தாள். கையில் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முகம் சுண்டிப் போயிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "படு, படு" என்றேன். அவள் படுக்கவில்லை. உட்கார்ந்து சேலையை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாத்துக்குடிப் பையை அவள் காலடியில் வைத்தேன். பஸ்ஸில் தயாராக வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றாள். தூங்கினாயா என்றேன். தூங்கினேன் என்றாள். நர்ஸ் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள். பேச்சி அதை என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள்.

இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று மூச்சை இழுத்தேன். அதற்குள் அவள் கால் இரண்டையும் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நெளிந்தாள். வார்டுக் கடைசியில் பாத்ரூம் கதவு தெரிந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு வரட்டுமா மேடம்?" என்றாள்.

"சீக்கிரம் வந்துரு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அதற்குள் பேச்சி கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சேலையைத் தூக்கிக்கொண்டு, கட்டில்களுக்கு நடுவில் ஓடினாள். லைனில் டோக்கனை மாட்டிக்கொண்டு ஓடுகிற அதே ஓட்டம்.

"ஓடாதே!" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அழுகிற குரலில் சொல்லத்தான் நினைத்தேன், வந்தது லைன் குரல்.

பேச்சி அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள்.

"சாரி மேடம்" என்றாள்.